நீறு பூத்த தீவு

நம் இடது பாதத்தின் ஓரத்தில், கணுக்காலுக்குச் சற்றுக் கீழே, ஒரு பழைய தழும்பு உண்டு. ஏழு வயதில் வந்தது. ('நாம்' என்று எழுதுவது பழைய பத்திரிகை ஆசிரியர்களின் வழக்கம். வகுப்பறையில் பதினெட்டு ஆண்டுகள் பேசிப் பேசி நமக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.)

அக்காலத்தில் வீட்டுக் கொல்லையில் நெல் அவிப்பதற்கென்றே ஒரு கோட்டையடுப்பு இருந்தது. விறகு ஆடம்பரம்; உமியும் பதருமே எரிபொருள். உமிக்கென்று ஒரு குணம் உண்டு. அது விறகைப் போலச் சுடர்விட்டுத் தன்னைக் காட்டிக்கொள்ளாது. மேலே வெள்ளைச் சாம்பல் பூத்து, ஆறிக் கிடப்பதாகப் பாசாங்கு செய்யும். இரண்டு விரற்கடை கீழே செக்கச்செவேலென்று கனிந்துகொண்டிருக்கும். அன்று அவித்து முடித்து அண்டாவை இறக்கிவிட்டிருந்தார்கள். சுடரும் இல்லை, புகையும் இல்லை. ஓடிவந்த வேகத்தில் அந்தச் சாம்பல் மேட்டின்மேல் காலை வைத்தோம்.

புண் ஆறிவந்த நாள்களில் ஒரு மாலை, அப்பாயி நம்மை அதே அடுப்பின் முன் உட்காரவைத்து, உள்ளங்கையைச் சாம்பலுக்கு ஒரு சாண் மேலே நீட்டச் சொன்னார். "கண்ணால பாக்காத. கையால பாரு" என்றார். கையை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் ஒன்றுமில்லை, ஓரிடத்தில் இளஞ்சூடு, ஓரிடத்தில் சுருக்கென்றது. சாம்பலின் நிறமோ எங்கும் ஒன்றுதான். 'நீறு பூத்த நெருப்பு' என்ற தொடரை வகுப்பில் விளக்க நேரும்போதெல்லாம் உரையாசிரியர்களுக்கு முன்னால் அப்பாயியின் கைதான் நினைவில் எழும்.

இதெல்லாம் இப்போது நினைவுக்கு வரக் காரணம், சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் வந்துசேர்ந்த ஒரு கையெழுத்துப் படி. இயற்பியல் துறை நண்பர் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிய கட்டுரை அது. எரிமலைகளின் வெப்பத்தை வானத்திலிருந்து எப்படி அளக்கிறார்கள் என்பது பொருள். "தமிழை மட்டும் பாருங்கள் ஐயா, விஷயத்தை விட்டுவிடுங்கள்" என்பது அவர் விதித்த நிபந்தனை. விஷயத்தை விட்டுவிட்டுத் தமிழை மட்டும் பார்ப்பது எப்படி என்று நமக்கு இன்றுவரை விளங்கியதில்லை.

முதல் சண்டை 'அகச்சிவப்பு' என்ற சொல்லில் தொடங்கியது. நம் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்ட சொல்தான். ஆனாலும் அதில் 'அகம்' எங்கிருந்து வந்தது? சிவப்புக்கு உள்ளே இருப்பதன்று அது. சிவப்பின் எல்லையைத் தாண்டி, கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருப்பது. இலங்கைப் பாடநூல்களின் 'செங்கீழ்க் கதிர்' இதைவிட நேர்மையான சொல் என்பது நம் கட்சி. நண்பர் சிரித்துவிட்டு ஹெர்ஷலின் கதையைச் சொன்னார். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், 1800-ஆம் ஆண்டில் சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே விரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கும் அப்பால், எந்த நிறமும் விழாத இடத்தில் வைத்த வெப்பமானியில் சூடு ஏறியது. ஒளி இல்லை, சூடு இருக்கிறது. கண்ணால் பார்க்காதே, கையால் பார் என்று ஓர் அறிவியலாளர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்ட தருணமாகவே நமக்கு அது பட்டது.

நம் மொழியில் சூட்டுக்கு எத்தனை சொற்கள்! அனல் முகத்தில் அடிப்பது. தணல் சாம்பலுக்குள் இருப்பது. வெக்கை மழைக்கு முன் உடம்பில் ஒட்டிக்கொள்வது. நண்பரின் கட்டுரையில் இவை எல்லாவற்றுக்கும் 'வெப்பம்' என்ற ஒரே சொல்தான். குறையாகச் சொன்னபோது, கருவிகளும் இதே வேறுபாட்டைத்தான் செய்கின்றன என்று கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக்காட்டினார். அந்தக் கணக்கை நாம் மறக்கவேயில்லை.

ஒரு பொருள் சூடேறச் சூடேற, அது உமிழும் கதிர்களின் உச்சம் குறுகிய அலைநீளங்களை நோக்கி நகர்கிறது. 27 பாகை செல்சியசில் கிடக்கும் சாதாரண நிலம் மிகுதியாக உமிழ்வது ஏறக்குறைய 10 மைக்ரான் அலைநீளத்தில். 700 பாகையைத் தாண்டிய எரிமலைக் குழம்போ 3 மைக்ரானை ஒட்டிய அலைநீளத்தில். ஆகவே 12 மைக்ரான் பட்டையில் பார்க்கும் கண்ணுக்குக் குழம்பு, அதே பரப்புள்ள நிலத்தைவிட ஏறக்குறைய 23 மடங்கு பிரகாசமாக மட்டுமே தெரியும். 4 மைக்ரானை ஒட்டிய பட்டையில் பார்க்கும் கண்ணுக்கு ஏறக்குறைய 5,000 மடங்கு.

இந்த 5,000-இல்தான் வித்தை முழுவதும் இருக்கிறது. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெரா, 2002 மே மாதத்தில் ஏவப்பட்ட அக்வா ஆகிய செயற்கைக்கோள்களில் மோடிஸ் என்ற கருவி இருக்கிறது. ஏறக்குறைய 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது பூமியை 36 பட்டைகளில் பார்க்கிறது. வெப்பப் பட்டைகளில் அதன் பார்வை கூர்மையானதன்று. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கொண்ட சதுரம்தான் அதற்கு ஒரு புள்ளி. ஒரு சிற்றூர் முழுவதும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். அந்தச் சதுரத்துக்குள் ஒரே ஒரு கிரவுண்டு மனை அளவுக்கு, அதாவது 2,400 சதுர அடிக்கு, எரிமலைக் குழம்பு திறந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பரப்பில் அது ஏறக்குறைய 4,500-இல் ஒரு பங்குதான். 12 மைக்ரானில் பார்த்தால் அந்தச் சதுரத்தின் பிரகாசம் அரை விழுக்காடுதான் கூடும்; யாரும் கவனிக்க மாட்டார்கள். 4 மைக்ரானில் பார்த்தால் சதுரம் முழுவதுமே இருமடங்குக்கு மேல் பிரகாசித்துவிடும். ஒரே இடத்தை இரண்டு கண்களால் பார்த்து, ஒன்றுக்குத் தெரிந்து மற்றதற்குத் தெரியாமற்போனதன் வேறுபாட்டிலிருந்து நெருப்பைக் கண்டுகொள்கிறார்கள். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார் 'மோட்வால்க்' என்ற பெயரில் உலகத்து எரிமலைகள் அனைத்தையும் இந்த வழியில் கண்காணிக்கும் ஏற்பாட்டை உருவாக்கினார்கள். இத்தாலியின் தூரின் பல்கலைக்கழகத்தார் நடத்தும் 'மிரோவா', கூடுதல் பிரகாசத்திலிருந்து எரிமலை எத்தனை வாட் வெப்பத்தை உமிழ்கிறது என்று கணக்கிட்டு வரைபடமாகவே போட்டுவிடுகிறது.

இரவுதான் இதற்கு உகந்த நேரம். பகலில் 4 மைக்ரான் பட்டையில் சூரியனின் எதிரொளியும் கலந்துவிடும்.

இக்கலையின் தொடக்ககால முயற்சிகளில் ஒன்று, 1966-இல் நிம்பஸ்-2 என்ற வானிலைச் செயற்கைக்கோள் ஐஸ்லாந்துக்குத் தெற்கே சுர்ட்சே தீவின் வெப்பத்தைப் பதிவுசெய்தது. அந்தத் தீவு 1963-இல்தான் கடலுக்கடியில் வெடித்துப் பிறந்திருந்தது. மூன்று வயதுக் குழந்தை. நண்பரின் கட்டுரையும் இதேபோன்ற இன்னொரு கடற்பிள்ளையைப் பற்றியதுதான்.

*

ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையிலுள்ள சுண்டா நீரிணையில் க்ரகத்தோவா தீவு 1883 ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் வெடித்துச் சிதறிய கதையைப் பள்ளியிலேயே படித்திருப்போம். 36,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, கடல். தீவின் பெரும்பகுதி கடலில் ஆழ்ந்துபோன அந்தப் பள்ளத்திலிருந்து 1927-இன் இறுதியில் மறுபடியும் புகை கிளம்பிற்று. 1930-இல் ஒரு சிறு தீவு நிலைத்து நின்றது. அந்நாட்டார் அதற்கு 'அனாக் க்ரகத்தாவ்' என்று பெயரிட்டார்கள். 'அனாக்' என்றால் அவர்கள் மொழியில் பிள்ளை. க்ரகத்தோவாவின் பிள்ளை. தொண்ணூறு ஆண்டுகளுக்குள் அப்பிள்ளை 338 மீட்டர் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது.

2018 ஜூனில் அது மீண்டும் சீறத் தொடங்கியது. மிரோவாவின் வரைபடத்தை நண்பர் துறைக் கணினியில் திறந்துகாட்டினார். அடியில் நாள்கள், பக்கவாட்டில் வாட். ஜூனுக்கு முந்தைய மாதங்கள் ஏறத்தாழ வெறுமை. பிறகு கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் என்று அடர்ந்துகொண்டே போகின்றன. அந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல் பத்து மடங்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். அந்த எரிமலையில் பல ஆண்டுகளாகக் காணாத வெப்பம். நடுநடுவே இடைவெளிகளும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து மலை ஓய்ந்திருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. மேகம் மூடியிருந்த நாள்களாகவும் அவை இருக்கலாம். அகச்சிவப்புக் கதிர் மேகத்தைத் துளைத்து வராது. டிசம்பரோ அங்கே மழைக்காலம்.

யாரும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜாவாக் கரையில் பசவுரான் என்ற இடத்தில் இந்த மலையைப் பார்ப்பதற்கென்றே ஒரு காவல்நிலை உண்டு. நான்கு படிகள் கொண்ட எச்சரிக்கையில் இரண்டாம் படி அறிவிக்கப்பட்டிருந்தது. எரிவாயிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் எவரும் போகக்கூடாது என்பது உத்தரவு. நெருப்புக்கு அது சரியான உத்தரவு. கல் விழும் தூரம், குழம்பு ஓடும் தூரம் எல்லாவற்றையும் அளந்து வகுத்ததுதான்.

2018 டிசம்பர் 22, சனிக்கிழமை இரவு 9 மணிக்குச் சற்று முன்பு, மலையின் தென்மேற்குச் சரிவு அப்படியே கழன்று கடலுக்குள் இறங்கியது. அடுத்த அரைமணி நேரத்தில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கரைகளை அலை அடைந்தது. தஞ்சுங் லெசுங் கடற்கரையில் ஓர் இசைக்குழு மேடையில் பாடிக்கொண்டிருந்தது. மேடைக்குப் பின்னாலிருந்து அலை வந்தது. பாடிக்கொண்டிருந்தவர்களுக்கு முதுகுப் பக்கம் கடல். 430-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பௌர்ணமி நேரம் என்பதால் முதலில் அதைக் கடலின் ஏற்றம் என்றே கருதினார்கள். அந்நாட்டுச் சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு பெரிய நிலநடுக்கங்களைக் கேட்டு விழித்துக்கொள்வதற்காக அமைக்கப்பட்டது. பெரிய நிலநடுக்கம் இல்லை. ஆகவே அது விழிக்கவில்லை. 338 மீட்டர் உயரமிருந்த பிள்ளை மறுவாரம் 110 மீட்டராகக் குறுகிக் கிடந்தது.

*

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் இச்செய்தியை வாசித்த இடம் நாகப்பட்டினம் மாவட்டம். மூன்று நாள்களில் டிசம்பர் 26 வரவிருந்தது. அந்த வாரம் எங்கள் பக்கத்தில் எப்படி இருக்கும் என்பதை அயலூர் நண்பர்களுக்கு விளக்குவது கடினம். கடலோரக் கிராமங்களில் படங்களைத் துடைத்து மாலை வாங்கிக்கொண்டிருப்பார்கள். எவரும் உரக்கப் பேசமாட்டார்கள்.

2004-இல் நாம் ஆய்வு மாணவர். வீடு கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே. இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்நாள்களைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் நாம் ஒரு வரியும் எழுதியதில்லை. கல்லூரித் தோழன் ஒருவனைத் தேடி மூன்று நாள் அலைந்தோம் என்பதோடு இங்கும் நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் ஒரு கணக்கு மட்டும் அன்றுமுதல் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சுமத்ராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29-க்கு. நம் கரைக்கு அலை வந்தது அதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் பின்னால். இரண்டு மணி நேரம். ஒரு சைக்கிள் மிதித்துப் போய்க் கிராமம் கிராமமாகச் சொல்லியிருக்கலாம்.

பார்க்கும் கண் இல்லாததுதான் குறை என்று வெகுகாலம் நம்பியிருந்தோம். அந்தக் குறையை நம் நாடு 2007-இல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைத்துப் போக்கிக்கொண்டது. ஆனால் சுண்டா நீரிணையில் கண் இருந்தது. நண்பர் காட்டிய வரைபடத்தில் ஒவ்வொரு கோடும் அந்தக் கண் சிமிட்டியதன் அடையாளம். அதுதான் நம்மைத் தூங்கவிடவில்லை.

2019-இல் போட்ஸ்டாம் நகரத்து ஆய்வாளர் தாமஸ் வால்டரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வொன்றைப் பற்றி நண்பர் விரிவாகச் சொன்னார். வெப்பப் பதிவுகள், தீவின் பரப்பு வளர்ந்த விதம், ரேடார் செயற்கைக்கோள்கள் கண்ட நில நகர்வு, நில அதிர்வுகள் என்று எல்லாவற்றையும் அவர்கள் ஒரே இழையில் கோத்துப் பார்த்தார்கள். புதிய குழம்பு வந்து குவியக் குவியத் தீவு தெற்கே அகன்றிருக்கிறது. தென்மேற்குச் சரிவு பல மாதங்களாகவே மெல்ல மெல்லக் கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது. சரிவுக்கு இரண்டு நிமிடம் முன்பாக ஒரு சிறு அதிர்வும் பதிவாகியிருக்கிறது. 2012-இலேயே வேறொரு குழு, இதே தென்மேற்குச் சரிவு இடிந்து விழுந்தால் அலை எப்படிப் பரவும் என்று கணித்துக் கட்டுரையே எழுதியிருந்தது. எல்லாம் இருந்தன. தனித்தனி மேசைகளில் இருந்தன.

வெப்பம் பொய் சொல்லவில்லை. அது தன்னால் சொல்லக்கூடியதைச் சொன்னது: இங்கே புதுக்குழம்பு வந்துகொண்டிருக்கிறது, முன்னைவிட அதிகமாக வருகிறது என்று. அந்தக் குழம்பு எந்தத் தோளின்மேல் ஏறி உட்கார்கிறது, அந்தத் தோள் எவ்வளவு தாங்கும் என்பது அதன் பேச்சன்று. அகச்சிவப்புக் கண் பார்ப்பது மேல்தோலை மட்டுமே. ஓடிவந்த குழம்பின் மேற்பரப்புகூடச் சில நிமிடங்களில் கருத்த ஓடாக இறுகிவிடும். விரிசல்களின் வழியேதான் உள்ளிருக்கும் சிவப்பு எட்டிப்பார்க்கும். மீண்டும் உமியடுப்புதான். அப்பாயியின் கை சாம்பலுக்குக் கீழே கனிவதைச் சொல்லும்; அடுப்பின் சுவர் விரிசல் விட்டிருப்பதைச் சொல்லாது. அதற்கு வேறு கை வேண்டும்.

சரிவுக்குப் பிந்தைய நாள்களைப் பற்றி நண்பர் சொன்னது விசித்திரமானது. மலை முன்னைவிட மூர்க்கமாக வெடித்துக்கொண்டிருந்தது. ஆனால் எரிவாய் கடல்நீர் மட்டத்தில் இருந்தது. நீராவியும் சாம்பலும் மூடி, செயற்கைக்கோளின் வெப்பக் கண்ணுக்கு அது சரியாகத் தெரியவில்லை. எச்சரிக்கையை மூன்றாம் படிக்கு உயர்த்தியது டிசம்பர் 27-இல்.

*

சென்ற கல்வியாண்டில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு 'நீறு பூத்த நெருப்பு' என்பதை விளக்கப் போய், வழக்கம்போல் வழிதவறி, இந்தக் கதை முழுவதையும் சொல்லிவிட்டோம். கடைசி வரிசையில் ஒரு மாணவன். கடலோரக் கிராமத்துப் பிள்ளை. சுனாமிக்குப் பிறகு பிறந்தவன். அவன் பிறப்பதற்கு முன்பே அவனுடைய அக்கா ஒருத்தி படத்துக்குள் போய்விட்டாள் என்பது நமக்குப் பிறகுதான் தெரியும். அவன் எழுந்து, "அப்ப பாத்துக்கிட்டுத்தானே ஐயா இருந்தாங்க?" என்று கேட்டான்.

பார்த்தார்கள்தான், ஆனால் வெப்பம் வேறு, சரிவு வேறு என்று நாம் ஏதோ விளக்கினோம். தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். வகுப்பு முடிந்ததும் வந்து அந்த வரைபடத்தைக் கைபேசியில் எப்படிப் பார்ப்பது என்று கேட்டு எழுதிக்கொண்டான்.

மறுநாள் காலையில் துறை வாசலில் நின்றிருந்தான். இரவு அதை அப்பாவிடம் காட்டினானாம். அவர் முப்பது ஆண்டுகளாகக் கடலுக்குப் போகிறவர். படிக்கத் தெரியாது. கோடுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டாராம்.

"மேகம் போட்டுச்சுன்னா இது என்ன பண்ணும்னு கேட்டாரு ஐயா."

"இன்னொன்று?"

"ராத்திரி ஒம்போது மணிக்கு இதப் பாத்துக்கிட்டு யாரு முழிச்சிருந்தான்னு கேட்டாரு."

இரண்டையும் அப்படியே கொண்டுபோய் நண்பரிடம் சேர்த்தோம். முதல் கேள்வியைக் கேட்டதும் அவருக்கு ஒரே மகிழ்ச்சி. நம் துறையில் பாதிப்பேர் கேட்க மறந்த கேள்வி இது என்றார். ரேடார் அலை மேகத்தைத் துளைக்கும், ஆனால் அது சூட்டை அளக்காது, நகர்வைத்தான் அளக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்று உற்சாகமாக விளக்கி, கட்டுரையில் அதற்கென ஒரு பத்தியும் சேர்த்தார். படிக்கத் தெரியாதவர் ஒருவர் கேட்ட கேள்வி என்று அப்பத்தியிலேயே குறிப்பிடவும் செய்தார்.

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்ச நேரம் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டுரையின் கடைசித் தாளை உருவி, "இதை நீங்கள் எழுதுங்கள் ஐயா, இது தமிழ்தான்" என்று நம்மிடம் நீட்டினார். அந்தத் தாள் இன்னும் நம் மேசையில், கண்ணாடிக்கு அடியில், வெறுமையாகவே கிடக்கிறது. மாணவன் துறைக்கு வரும்போதெல்லாம் அதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போகிறான்.